வேறு கம்பெனி லென்ஸ்

என் லென்ஸில் மாட்டியிருந்த சிவப்பு வளையலைப் பத்துப் பேர் முன்னால் கழற்றிக் காட்டியவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், கடைசியில் நான் திருந்திவிடுவேன் என்று எதிர்பார்த்து யாரும் ஏமாற வேண்டியிருக்காது.

நான் அறந்தாங்கியில் கல்யாணப் போட்டோ எடுக்கிறவன். என் ஸ்டுடியோவுக்கு நேர் எதிரே இன்னொரு ஸ்டுடியோ இருக்கிறது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் அதை நடத்துகிறார். ‘அவர்’ என்று எழுதக் கை போகிறது, மனசு போகவில்லை. இனி அவன் என்றே எழுதுகிறேன். நேரில் பார்த்தால் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அது ஊருக்காக.

எங்கள் பக்கத்தில் ‘கம்பெனி’ என்று ஒரு சொல் உண்டு. பைக்குக்குச் செயின் மாற்றப் போனால் மெக்கானிக் கேட்கிற முதல் கேள்வியே, “கம்பெனி போடவா, லோக்கல் போடவா?” என்பதுதான். வண்டியைச் செய்தவனே செய்த சாமான் என்றால் கம்பெனி. மற்றதெல்லாம் லோக்கல், அதற்கும் கீழே டூப்ளிகேட். மிக்ஸி ஜாருக்கும் போன் சார்ஜருக்கும் இதே சட்டம். இந்தச் சட்டத்தைக் கேமராவுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். கேமரா செய்தவன் செய்தது கம்பெனி லென்ஸ். லென்ஸ் மட்டுமே செய்து பிழைக்கிற இன்னொருவன், அதே கேமராவில் பொருந்துகிற மாதிரி செய்து பாதி விலைக்கு விற்றால் அது டூப்ளிகேட். அந்த இன்னொருவனும் ஜப்பானில் ரொம்ப காலமாகக் கண்ணாடி தேய்க்கிறவன்தான் என்று நான் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிங்க, ஆனா இது கம்பெனி இல்லேல்ல?” என்பார்கள்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தராவது வளைகுடாவில் இருப்பார்கள். அங்கே பெரிய கடைகளில் கேமராக்களைப் பார்த்துப் பழகியவர்கள். என் கேமராவைச் செய்த கம்பெனி, தன் உயர்ந்த ரக லென்ஸ்களின் முன்பக்கம் ஒரு சிவப்புக் கோடு சுற்றி ஓடும்படி செய்திருக்கிறது. கல்யாணம் பேச வருகிறவர் நான் எடுத்த ஆல்பத்தைப் புரட்டுவார், நன்றாக இருக்கிறது என்பார், பிறகு மேசை மேல் இருக்கும் லென்ஸில் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பார். ஆல்பத்தைவிட அவருக்குக் கோடுதான் பெரிது.

என் பழைய லென்ஸில் பூசணம் பிடித்து, புதிது வாங்க வேண்டிவந்தபோது நான் இரண்டு மாதம் யோசித்தேன். திருச்சியில் கம்பெனி லென்ஸ் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். புதுக்கோட்டையில் ஒரு நண்பரிடம் அந்த வேறு கம்பெனி லென்ஸை இரவல் வாங்கினேன். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு காலையிலேயே நார்த்தாமலை ஏறினேன். மேலே கோயில் வாசலில் நிற்கும் துவாரபாலகர் அசையமாட்டார், கண் சிமிட்டமாட்டார், “எனக்கு இந்தப் பக்கம் மூஞ்சி நல்லா வராது” என்று சொல்லமாட்டார். முக்காலியை ஒரே இடத்தில் வைத்து, லென்ஸை மட்டும் மாற்றி மாற்றி எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பெனி லென்ஸ் ஓரங்களில் சுத்தமாக இருந்தது, ஃபோகஸ் ஒரு மயிரிழை வேகம். மற்றதில் நடுப்பகுதி இன்னும் கூர்மை. கல்லில் உளி விழுந்த தடம் தெரிந்தது. நிறம் மட்டும் கொஞ்சம் மஞ்சள் தட்டியது. அதை ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். இன்னொரு வித்தியாசம், தூரத்தை அருகே கொண்டுவரத் திருப்புகிற வளையம் இரண்டிலும் எதிர் எதிர்த் திசையில் சுற்றியது. கை பழகினால் போதும். கல்யாணத்தில் யாரும் ஓரத்தைப் பார்ப்பதில்லை, நடுவில் இருக்கும் பெண்ணையும் மாப்பிள்ளையையும்தான் பார்க்கிறார்கள். வேறு கம்பெனி லென்ஸையே வாங்கினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் வாங்குவேன்.

சிவப்புக் கோட்டுக்கு என்ன செய்வது? இங்கேதான் நான் தப்பு செய்தேன். திருவிழாக் கடையில் சின்னப் பிள்ளைகள் போடுகிற ரப்பர் வளையல் விற்கும். சிவப்பில் ஒன்று வாங்கி இழுத்து லென்ஸின் முன்னால் மாட்டினேன். அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு ஒருத்தரும் “இது கம்பெனியா?” என்று கேட்கவில்லை. ஏமாற்று வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் படம் எடுத்தது வளையல் இல்லையே.

ஜெகதாப்பட்டினத்தில் ஒரு விசைப்படகுக்காரர் வீட்டில், பெண் பெரியவளான சடங்கு விசேஷம். அன்றைக்குப் போட்டோ என்னுடையது. எதிர்க்கடைக்காரன் அந்த வீட்டுக்குத் தெரிந்தவன், சாப்பிட வந்திருந்தான். பந்தலுக்குள் என் பக்கத்தில் வந்து நின்றான்.

“தம்பி, லென்ஸ் புதுசா? குடுங்க, பாப்போம்.”

கேட்டால் கொடுப்பதுதான் தொழிலில் மரியாதை. கொடுத்தேன். திருப்பிப் பார்த்தான். கட்டைவிரலால் சிவப்புக் கோட்டைத் தடவினான். நகத்தை உள்ளே விட்டு ஒரு நெம்பு நெம்பினான். வளையல் துள்ளிக் கழன்று அவன் கையில் வந்துவிட்டது. அதை உயர்த்திப் பிடித்து எல்லோருக்கும் காட்டினான். பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டான்.

“பாப்பா, இந்தா. ஒன் வளையல மாமா எடுத்துட்டுப் போயிட்டாக.”

அந்தப் பிள்ளை அதை வாங்கிக் கையில் போட்டுக்கொண்டது. பந்தலே சிரித்தது. வீட்டுக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்காவிட்டால் அழ வேண்டும். அன்று முழுக்க அந்தப் பிள்ளை மேடையைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தது. ஆல்பம் வடிவமைக்க உட்கார்ந்தபோது பார்த்தேன், ஒன்பது பக்கங்களில் அந்தச் சிவப்பு வளையல் இருந்தது.

அதோடு விட்டிருந்தால்கூட நான் பாதி மறந்திருப்பேன். அவன் விடவில்லை. கல்யாணம் பேசப் போகிற வீடுகளில் எல்லாம் ஒரு வசனத்தை வைத்துக்கொண்டான். “டூப்ளிகேட் லென்ஸு பாத்துக்கங்க. திடீர்னு எர்ரர் அடிச்சு நின்னு போகும். முகூர்த்தத்துல நின்னு போச்சுன்னா, தாலிய அவுத்துட்டு மறுபடி கட்டச் சொல்லுவீங்களா?” இந்தக் கேள்விக்கு எந்தப் பெண்ணின் தகப்பன் பதில் சொல்வான்? பேசி முடிந்திருந்த மூன்று கல்யாணங்கள் என் கையை விட்டு எதிர்க்கடைக்குப் போயின. கடை வாசலில் உட்கார்ந்து அவர்கள் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நான் ஒரே தாய்மாமன். அக்காவோடு கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். மச்சான் சவுதியில் இருந்து போன் பண்ணினார்.

“மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. போட்டோவ எதிர்க்கடைக்காரவுகளுக்கே சொல்லிட்டேன். அவுக கம்பெனி லென்ஸு வச்சிருக்காகளாம்ல.”

போனை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஊரிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

“அவரு கெடக்காரு. நாந்தான்டா வேணாம்னு சொன்னேன். நீ கேமராவத் தூக்கிட்டு நின்னா எம்மகளுக்குப் பட்டம் யாருடா கட்டுவா?”

எங்கள் வழக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். மெல்லிய தங்கத் தகடு, மஞ்சள் நூல். அது முடிந்து தாய்மாமன் மாலை போட்ட பிறகுதான் மற்றது. ஆல்பத்தில் அதற்கென்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்குவோம். எத்தனையோ வீட்டுத் தாய்மாமன்களை அந்தப் பக்கத்தில் நான் வைத்திருக்கிறேன். அக்கா சொன்னது உண்மையான காரணம் என்று எனக்கு இப்போது தெரியும். அப்போது மச்சான் சொன்னது மட்டும்தான் காதில் நின்றது. அக்கா சமாதானத்துக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் குலசாமி கோயிலுக்குப் போனேன். பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டேன். அப்புறம், அவன் லென்ஸ் மேடையிலேயே நிற்க வேண்டும் என்றும் கும்பிட்டேன். இரண்டில் எதை உருக்கமாகக் கேட்டேன் என்று சாமிக்குத் தெரியும்.

கல்யாணத்தன்று பட்டு வேட்டி கட்டிக்கொண்டேன். கேமராப் பையையும் எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று என் மனைவி கேட்டாள். சும்மா என்றேன். பையை மணமகள் அறையில் ஒரு மூலையில் வைத்தேன்.

காலையில் மேளத்தோடு தாய்மாமன் சீர் வந்தது. தட்டுகளோடு சொந்தக்காரர்கள் வரிசையாக நிற்க, நான் நடுவில் மாலையோடு நின்றேன். அவன் கேமராவோடு எதிரே வந்தான்.

“தாய்மாமா, கொஞ்சம் இங்கிட்டு வாங்க. இன்னும் கொஞ்சம் இங்கிட்டு.”

நகர்ந்து நகர்ந்து வாசலில் கட்டியிருந்த வாழைமரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். அப்போது அழுத்தினான். எனக்கு அந்த வித்தை தெரியாதா? அந்தப் படத்தில் நான் ஒரு காதும் ஒரு தோளும்தான். தட்டுகள் எல்லாம் முழுசாக இருக்கின்றன.

பிறகு மேடை. பெண்ணை உட்கார வைத்தார்கள். தட்டில் பட்டம் வந்தது. ஐயர், “தாய்மாமன் வாங்கோ” என்றார். நான் முதல் படியில் கால் வைத்தேன். அப்போது எதிர்க்கடைக்காரனின் முகம் மாறுவதைப் பார்த்தேன்.

அழுத்தினான். கேமராவின் பின்னால் திரையைப் பார்த்தான். அணைத்துப் போட்டான். மறுபடி அழுத்தினான். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்து உலோகப் புள்ளிகளைக் கைக்குட்டையால் துடைத்து, திரும்ப மாட்டினான். எனக்குத் திரையைப் பார்க்கவே வேண்டியதில்லை. கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே தொடர்பு சரியில்லை என்று அதில் எழுதியிருக்கும். டூப்ளிகேட் லென்ஸுக்கு வரும் என்று வீடு வீடாகச் சொன்னானே, அதே எர்ரர். பல வருடம் ஓயாமல் ஓடிய லென்ஸ், உள்ளே இருக்கும் மெல்லிய ஒயர் அறுந்திருக்கும். கம்பெனி ஒயர்தான், அறுந்துவிட்டது. என் நெஞ்சு குளிர்ந்த குளிர்ச்சியை எழுதினால் நீங்கள் என்னை வெறுப்பீர்கள். ஆனாலும் எழுதுகிறேன், குளிர்ந்தது.

அவனிடம் இன்னொரு லென்ஸ் இருந்தது, தூரத்தில் இருப்பதை எடுக்கிறது. மேடையை அதில் அடக்க வேண்டுமென்றால் பந்தி நடக்கும் இடம்வரை பின்னால் போக வேண்டும். நடுவில் சொந்தக்காரர்களின் தலைகள். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். நேராக என்னிடம் வந்தான். மச்சான் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“தம்பி, பை கொண்டாந்திருக்கீங்கள்ல?”

“எதுக்குண்ணே?”

“லென்ஸு நின்னு போச்சு.”

“எந்த லென்ஸு?”

அவன் மச்சானைப் பார்த்தான். “நம்ம லென்ஸுதான்.”

“கம்பெனி லென்ஸாண்ணே?”

“ஆமா தம்பி.”

“எங்கிட்ட டூப்ளிகேட்தான இருக்கு. முகூர்த்தத்துல நின்னு போச்சுன்னா?”

அவன் தலை குனிந்தான். மச்சான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவன் தணிந்த குரலில் சொன்னான். இதை அவன் சொன்னான் என்பதை நான் எழுதியே ஆக வேண்டும்.

“லென்ஸ மட்டும் குடுங்க தம்பி, நான் எடுக்கிறேன். நீங்க பட்டம் கட்டணும்ல.”

அதுதான் சரியான வழி. அன்று அந்த மண்டபத்தில் அதைச் சொன்னவன் அவன் ஒருத்தன்தான். அவன் வாயிலிருந்து வந்ததாலேயே எனக்கு அது பிடிக்கவில்லை. என் லென்ஸால் எடுத்துவிட்டு, ஆல்பத்தில் அவன் கடை முத்திரையைக் குத்துவான். ‘கம்பெனி லென்ஸு பாருங்க’ என்று அடுத்த வீட்டில் காட்டுவான். அதற்கா நான் கொடுக்க வேண்டும்?

“இது எதிர்ப்பக்கம் சுத்தும்ணே. நீங்க அங்கிட்டுத் திருப்புவீக, அது இங்கிட்டு வரும். ஒங்களுக்குக் கை வராது. நானே எடுத்துக்கிறேன்.”

மணமகள் அறைக்கு ஓடிப்போய்ப் பையைப் பிரித்தேன். கேமராவோடு மேடைக்கு எதிரே வந்து நின்றேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன். அக்கா மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள்.

“தம்பி, வந்து கட்டு.”

“நேரமாச்சு, வேற யாரையாச்சும் கட்டச் சொல்லு. போட்டோ போயிரும்.”

“போட்டோ கெடக்கு, நீ வாடா.”

நான் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டேன். கேமரா கண்ணில் இருந்தால் மனிதர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஐயர் நேரம் போகிறது என்றார். யாரோ என் பெரியப்பா மகனைத் தள்ளிவிட்டார்கள். அவனும் தாய்மாமன் முறைதான். வேட்டிகூடக் கட்டியிருக்கவில்லை, பேண்ட்டோடு ஏறினான். தட்டிலிருந்து பட்டத்தை எடுத்து என் அக்கா மகள் நெற்றியில் கட்டினான்.

கட்டும்போது அவள் நேராக லென்ஸைப் பார்த்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. பட்டத்தின் தகடு ஒரு பொட்டு வெளிச்சத்தை அவள் கன்னத்தில் போட்டது. அழுத்தினேன். என் தொழிலில் அதைவிட நல்ல படம் இதுவரை எடுத்ததில்லை.

அதற்குப் பிறகு மாலை, தாலி, அட்சதை எல்லாம் என் கேமராவில்தான். லென்ஸ் ஒரு தடவைகூடத் திணறவில்லை. எதிர்க்கடைக்காரன் செத்த கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். நான் அவனைச் சும்மா விடவில்லை.

“அண்ணே, அந்த லைட்டக் கொஞ்சம் பிடிங்க. இங்கிட்டு. இன்னும் கொஞ்சம் இங்கிட்டு.”

பிடித்தான். வாழைமரம் வரைக்கும் அவனை நகர்த்தியிருப்பேன், மண்டபத்துக்குள் வாழைமரம் இல்லை. மச்சான் சாப்பாட்டுப் பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார், “கம்பெனியாவது, லோக்கலாவது. எடுக்கிற கைதான் மாப்ள.” அன்று நான் இரண்டு இலைச் சாப்பாடு சாப்பிட்டேன்.

இன்னும் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து எதிர்க்கடைக் கண்ணாடிக் கதவு வழியாக ஒரு பெட்டியைப் பார்த்தேன். என் லென்ஸ். அதே வேறு கம்பெனி, அதே அளவு. பஜாருக்குப் போய் ஒரு டஜன் சிவப்பு ரப்பர் வளையல் வாங்கினேன். சாலையைக் கடந்து போய் அவன் மேசையில் வைத்தேன்.

“தேவப்படும்ணே,” என்றேன்.

அவன் வளையல்களை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினான். நான் எதிர்பார்த்தது கோபம். அது வரவில்லை என்பது கொஞ்சம் குறைதான். மற்றபடி அந்த வாரம் முழுக்க எனக்கு நல்ல தூக்கம்.

அக்கா வீட்டுக்குப் போகத்தான் தயக்கமாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசாமல் இல்லை. வந்தால் வா என்பாள், சாப்பிடு என்பாள். அந்தப் பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டாள். அவள் திட்டியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன். அதற்கு அவள் இடமே கொடுக்கவில்லை. மச்சான் மறுபடி சவுதிக்குப் போகுமுன் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டமடித்து, கூடத்தில் நுழைந்ததும் தெரிகிற சுவரில் மாட்டிவிட்டுப் போனார்.

போன மாதம் அங்கே போயிருந்தேன். கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். மச்சானோடு வேலை பார்க்கிறவரின் மனைவி, சவுதியிலிருந்து மச்சான் கொடுத்தனுப்பிய ஒரு பார்சலோடு வந்தார். அக்கா வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. பார்சலை வைத்துவிட்டு நிமிர்ந்தவர் சுவரைப் பார்த்து அப்படியே நின்றார்.

“மகளாங்க? கண்ணு என்னமா இருக்கு. பட்டம் கட்டுறது யாரு, தாய்மாமனா?”

“ஆமா, தாய்மாமன்தான்,” என்றாள் அக்கா.

“ஒங்க தம்பியா?”

“ம்.”

“படம் ரொம்ப நல்லா வந்திருக்கு. யாருங்க எடுத்தா? என் மகனுக்கும் பாத்துக்கிட்டிருக்கோம்.”

அக்கா என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“பஜார்ல ஒரு ஸ்டுடியோக்காரவுக,” என்றாள். “பேரு தெரியல.”

எனக்கு மன்னிக்கத் தெரியாது என்று முதலிலேயே சொன்னேன். அவளும் அதே வயிற்றில் பிறந்தவள்தானே. அந்த அம்மாள் இப்போது என் பக்கம் திரும்பினார்.

“நீங்க இவுகளுக்கு என்ன வேணும்?”

அக்கா டம்ளரோடு அடுப்படி வாசலில் நின்றாள். நான் என்ன சொல்கிறேன் என்று கேட்கத்தான் நின்றாள்.

“நான் அந்த ஸ்டுடியோக்காரன்தாங்க,” என்றேன்.

அக்கா உள்ளே போய்விட்டாள். அந்த அம்மாள் பைக்குள் கைவிட்டுப் போனை எடுத்து, நம்பர் சொல்லுங்க என்றார். சொன்னேன்.